அரிசி டின்னில் ஒரு பாட்டில், டூல் பையில் ஒரு பாட்டில்

டேய் தம்பி,

இதை நீ படிக்கும்போது உன் அம்மா உன் எதிரில் உட்கார்ந்திருப்பாள். காலையில் அத்திபெலேயில் பஸ் ஏறி, மடியில் முருங்கைக்கீரைக் கட்டையும் இந்தக் கவரையும் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்திருப்பாள். நீ கடைசி வரியைப் படித்து முடிக்கும்வரை உன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதனால் நடுவில் செல்லைத் தொடாதே. இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் உன்னிடம் பேச ஆரம்பித்து எந்தக் காலத்தில் முடித்திருக்கிறேன்? ‘அப்பா, மீட்டிங்’ என்பாய், கட் ஆகிவிடும். அதுவுமில்லாமல் இது போனில் சொல்கிற சங்கதியும் இல்லை. ஊரெல்லாம், கல்யாணத்துக்குக் கல்யாணம் நான் சொல்லிக்கொண்டு திரிந்த ஒரு பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் சங்கதி. முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அறுபது தாண்டிய மனுஷனுக்கு வெட்கம் வந்தால் எழுதத்தான் வேண்டும்.

நேற்று காலை நீ ஆபீசுக்குக் கிளம்பிப் போன பிறகு நிவேதா போன் செய்தாள். மருமகள் அந்த நேரத்தில் கூப்பிட்டால் ஒன்று சமையலைப் பற்றி இருக்கும், இல்லை உன்னைப் பற்றி இருக்கும். சமையல் என்றால் அத்தையிடம் கொடுங்கள் என்பாள். நேற்று என்னிடமே பேச வேண்டும் என்றாள். அப்போதே உன்னைப் பற்றித்தான் என்று தெரிந்துவிட்டது.

“மாமா, குட்டிக்கு மறுபடியும் காது வலி. மூணாவது தடவை. டாக்டர் காதுக்கு மருந்து குடுத்து, வலிக்குன்னு சிரப்பும் எழுதியிருக்காங்க. இவரு சிரப் குடுக்க விடமாட்டேங்கறாரு. தெர்மாமீட்டர்ல தொண்ணூத்தொம்பதுதான் காட்டுதாம். நூறு தாண்டினாத்தான் மருந்தாம். கேட்டா, இது எங்கப்பா ரூல், எங்கப்பா என்ன ஒரு சொட்டு மருந்தில்லாம வளத்தாருங்கறாரு.”

குடித்துக்கொண்டிருந்த காபி எனக்கு மூக்கில் ஏறியது. போனில் அவளுக்குப் பின்னால் குட்டி அழுதுகொண்டிருந்தான். அந்த அழுகையை எனக்குத் தெரியும்டா. பசிக்கு அழுவது அப்படி இருக்காது, தூக்கத்துக்கு அழுவதும் அப்படி இருக்காது. காதைப் பிடித்துப் பிடித்து இழுத்து, தலையைத் தோளில் தேய்த்து, மூச்சு வாங்குவதற்கு மட்டும் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கிற அழுகை. நீலசந்திரா வீட்டில் எட்டு மாதம் அதைக் கேட்டிருக்கிறேன். அது உன் அழுகை.

“டாக்டர் எழுதினத எழுதினபடி குடும்மா. உன் வீட்டுக்காரன்கிட்ட நான் பேசிக்கறேன்” என்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, “குடுத்துட்டுத்தான் இருக்கேன் மாமா, நேத்துலேருந்து. அவருக்குத் தெரியாது” என்றாள். பாட்டிலை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். “அரிசி டப்பாவுல” என்றாள்.

நான் சிரித்த சிரிப்பில் உன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். “இன்னாங்க, காலங்காத்தால பைத்தியம் புடிச்சிடுச்சா?” என்றாள். நிவேதாவும் அரிசி டப்பாவில்தான் வைத்திருக்கிறாளாம் என்றேன். அவளும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் ஒன்றாகச் சிரிப்பை நிறுத்திவிட்டோம். ஏன் நிறுத்தினோம் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நிவேதாவைத் திட்டாதே. நானே உன்னிடம் சொல்லிவிடுவதாக அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். திட்டுவதென்றால் முழுக்கப் படித்துவிட்டு என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

நீ பிறந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். நீலசந்திராவில் ஒரே காம்பவுண்டில் ஆறு வீடு, ஒரு குழாய். நான் பீன்யாவில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்டர். போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை, மெஷினில் கடைந்து வரும் சாமான் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்க்கிற இன்ஸ்பெக்டர். கையில் கேஜ் என்று ஒரு அளவுக்கருவி இருக்கும். அதற்கு இரண்டு முனை. ஒரு முனை சாமானின் துளைக்குள் போக வேண்டும், இன்னொரு முனை போகக்கூடாது. அவ்வளவுதான். பாவம், பரவாயில்லை, பார்த்துக்கலாம் என்ற பேச்சே கிடையாது. என்னைக் கண்டால் மெஷினில் கடைகிற டர்னர்களெல்லாம் முகத்தைச் சுளிப்பார்கள். அதில் எனக்கு ஒரு திமிர். அந்தத் திமிரை அப்படியே டிபன் கேரியரோடு வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

நாலாவது மாதத்தில் உனக்கு முதல் தடவை காது வலி வந்தது. சளி பிடிக்கும், இரண்டாம் நாள் காதுக்குப் போகும். மருந்தில் தணியும், மூன்று வாரத்தில் மறுபடி வரும். உனக்கு ஒரு வயசு முடிவதற்குள் ஆறு தடவை வந்தது. எங்கள் தெருமுனை கிளினிக்கில் ஒரு டாக்டரம்மா இருந்தார், கன்னடத்துக்காரர், எங்களிடம் தமிழில்தான் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் கன்னடம் வந்துவிடும். காதுக்கு ஒரு மருந்து கொடுத்து, கூடவே ஒரு ரோஸ் கலர் சிரப் எழுதி, “இது ஜுரத்துக்கும் வலிக்கும்” என்றார். நன்றாகத்தான் சொன்னார், எனக்கும் நன்றாகத்தான் கேட்டது. நான் ஜுரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வலியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

காரணம் கேட்டால் சிரிப்பாய். பாட்டிலோடு ஒரு துண்டுச் சீட்டு மடித்து வைத்திருந்தார்கள். உலகத்தில் யாரும் படிக்காத சீட்டு. நான் படித்தேன். எழுத்து எறும்புக்கால் மாதிரி இருந்ததால் கம்பெனிக்கு எடுத்துப் போய், கீறல் பார்க்கிற லென்ஸை வைத்துப் படித்தேன். அளவு மீறினால் கல்லீரல் கெடும் என்று ஒரு வரி இருந்தது. மீறினால் என்ற வார்த்தை என் மண்டையில் ஏறவில்லை, கல்லீரல் மட்டும் ஏறியது. அன்று சாயங்காலமே வீட்டில் சட்டம் போட்டேன். தெர்மாமீட்டர் நூறைத் தாண்டினால் மருந்து. தாண்டவில்லையென்றால் ஒரு சொட்டும் கிடையாது. என் கேஜுக்கு இரண்டு முனை கிடைத்துவிட்டது.

அந்தத் தெர்மாமீட்டரை நான் கொண்டாடிய கொண்டாட்டம் உனக்குத் தெரியாது. அளக்கிற கருவியை அப்படியே நம்பக்கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் முதலில் எனக்கு வைத்துப் பார்ப்பேன், பிறகு உன் அம்மாவுக்கு. அவள் தோசைக்கரண்டியோடு, வாயில் தெர்மாமீட்டரோடு நின்றுகொண்டிருப்பாள். பேச முடியாத அந்த மூன்று நிமிஷமும் கண்ணாலேயே என்னைத் திட்டுவாள். உனக்கு அக்குளில் வைத்து, கடிகாரம் பார்த்து, மூன்று தடவை எடுத்துச் சராசரி போடுவேன். நீ அலறிக்கொண்டிருப்பாய். நான், “ஆடாம புடி, ரீடிங் தப்பாயிடும்” என்று உன் அம்மாவை அதட்டிக்கொண்டிருப்பேன்.

எதிர்வீட்டு மும்தாஜ் அக்காவை உனக்கு நினைவிருக்குமா தெரியவில்லை. பக்ரீத்துக்கு உனக்கென்று தனியாகப் பிரியாணி எடுத்து வைப்பவர். நாலு பிள்ளை பெற்றவர், வாயும் நாலு பேருக்குள்ள வாய். நீ அழுகிற சத்தம் பொறுக்காமல் ஒரு நாள் வாசலில் வந்து நின்றார். “க்யா ஜி இது? புள்ள காதப் புடிச்சிக்கிட்டுத் துடிக்குது, நீங்க கண்ணாடிக் குச்சியப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. புள்ள உங்களுக்குப் பொறந்துச்சா, உங்க குச்சிக்குப் பொறந்துச்சா?” என்றார். தொண்ணூற்றொன்பதுதான் இருக்கிறது, ஜுரம் இல்லை, தேவையில்லாமல் மருந்து கொடுத்துப் பழக்கக்கூடாது என்று அவருக்கு நான் கல்லீரலைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “நக்கோ ஜி, வேணாம், உங்ககிட்ட பேசறதுக்கு ஆட்டுகிட்ட பேசலாம்” என்று போய்விட்டார். அப்புறம் சுடவைத்த எண்ணெயைக் காதில் விடலாம் என்று காம்பவுண்டே சொன்னபோது கூடாது என்று தடுத்தேன். அந்த எட்டு மாதத்தில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். அதையும் எழுதி வைக்கிறேன், எனக்கும் ஏதாவது இருக்கட்டும்.

உன் அம்மா என்ன செய்தாள் என்கிறாயா? வாய் திறக்கவில்லை. சட்டம் போட்டவனிடம் சண்டை போடவில்லை. நான் ஷிப்டுக்குப் போனதும் அரிசி டின்னுக்குள் கைவிட்டுப் பாட்டிலை எடுத்து உனக்குக் கொடுத்தாள். ஆனால் பாவம், கல்லீரல் பிரசங்கத்தைத் தினமும் கேட்டவள் அல்லவா? டாக்டரம்மா சொன்ன அளவை ஊற்றுவாள், உன்னைப் பார்ப்பாள், என் பேச்சு ஞாபகம் வரும், பாதியைத் திரும்ப பாட்டிலில் ஊற்றிவிடுவாள். பாதிதான் கொடுப்பாள். நீ கொஞ்சம் அடங்குவாய், முழுக்க அடங்கமாட்டாய். சிணுங்கிக்கொண்டே அரைத்தூக்கம் தூங்குவாய். குழந்தையென்றால் இப்படித்தான் தூங்கும் போலிருக்கிறது என்று நாங்கள் இருவருமே நினைத்துக்கொண்டோம். முதல் பிள்ளை. வேறு என்ன தெரியும்?

ஆறாவது தடவை உனக்குக் காது வலி வந்தபோது எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. அது கடவுள் செயல் என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்வாள். காலை ஷிப்டில் பத்து மணிக்கு ஆரம்பித்தது. பதினொன்றுக்கெல்லாம் கேஜைக் கீழே வைத்துவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நான் உட்கார்ந்ததைப் பார்த்து டர்னர்கள் ஸ்வீட் வாங்கிக் கொடுக்காத குறை. கம்பெனி முதலுதவி ரூமுக்குப் போனேன். அங்கிருந்தவர் ஒரு மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தார். விழுங்கினேன். முக்கால் மணி நேரத்தில் உலகம் நல்லவர்களால் நிறைந்துவிட்டது. ஒரு டர்னரைப் பார்த்துப் புன்னகைகூடச் செய்தேன், அவன் பயந்துவிட்டான்.

சாப்பிடப் போகும்போதுதான் உறைத்தது. அந்த மனுஷர் எனக்குத் தெர்மாமீட்டர் வைக்கவே இல்லையே. எத்தனை டிகிரி என்று கேட்கவே இல்லை. வலிக்கிறது என்றேன், கொடுத்துவிட்டார். எனக்கு வாய் இருந்தது, சொன்னேன். உனக்கும் வாய் இருந்தது, எட்டு மாதமாக நீயும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாய். கேன்டீனில் கீரையைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தேன். நான் ஒரு மடையன் என்று அந்தக் கீரைச்சோற்றில் எழுதியிருந்தது.

மடையன் என்று தெரிந்தால் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? அதுதான் முடியவில்லை. எட்டு மாதப் பிரசங்கத்துக்குப் பிறகு உன் அம்மா முன்னால் நின்று, நான் தப்பு, மருந்து கொடு என்று எப்படிச் சொல்வது? மும்தாஜ் அக்கா காதுக்குப் போனால் தெருவே சிரிக்கும். அதனால் பஸ் இறங்கியதும் மருந்துக்கடையில் அதே ரோஸ் சிரப் ஒன்று வாங்கி, டூல் பையில் வேஸ்ட் துணியில் சுற்றி, அளவுகோல்களுக்கு நடுவில் ஒளித்துக் கொண்டுவந்தேன். குழாயில் தண்ணீர் வந்திருந்தது. உன் அம்மா உன்னை என் மடியில் போட்டுவிட்டுக் குடங்களை எடுத்துக்கொண்டு ஓடினாள். நல்ல சமயம். பாட்டிலைத் திறந்தேன். அளவை ஊற்றினேன். கல்லீரல் ஞாபகம் வந்தது. பாதியைத் திரும்ப ஊற்றிவிட்டு மீதிப் பாதியை உனக்குக் கொடுத்தேன். நீ கொஞ்சம் என் சட்டையில் துப்பினாய்.

அவள் குடத்தை எடுப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னால்தான் அரிசி டின் பாட்டிலிலிருந்து பாதி கொடுத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று நாலு குடம் பிடித்து முடித்து அவள் உள்ளே வந்தபோது நீ என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். எப்போதும் தூங்குகிற மாதிரி இல்லை. வாயைத் திறந்து, கை இரண்டையும் விரித்துப் போட்டு, துணி மூட்டை மாதிரி கிடந்தாய். சிணுங்கல் இல்லை. பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது, நீ அசையவில்லை. எதிர்வீட்டிலிருந்து மும்தாஜ் அக்கா வந்து எட்டிப் பார்த்தார். “க்யா ஜி, புள்ள சத்தமே காணோம்?” என்றார். அவர் கேட்ட பிறகுதான் நாங்கள் இரண்டு பேரும் குனிந்து உன் முகத்தைப் பார்த்தோம். நான் உன் பாதத்தைச் சுரண்டினேன். நீ தூக்கத்திலேயே காலை இழுத்துக்கொண்டு, உதட்டைச் சப்பி, மறுபடி தூங்கிவிட்டாய். கடிகாரத்தை வைத்து மூச்சை எண்ணினேன். எண்ணி என்ன, எத்தனை இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதே.

உன் அம்மா என் சட்டையைப் பார்த்தாள். “இன்னாது இது, செவப்பா?”

“கேன்டீன்ல பீட்ரூட்.”

“இன்னிக்கு செவ்வாக்கிழம. உங்க கேன்டீன்ல செவ்வாக்கிழம கீரதானே?”

நான் அவள் முந்தானையைப் பார்த்தேன். அதிலும் அதே ரோஸ் கலர். “இது இன்னா?” என்றேன்.

“குங்குமம்.”

“குங்குமத்த முந்தானையிலயா வெச்சிப்ப?”

முதலில் அவள் முகம் மாறியது. “நீங்க... குடுத்தீங்களா?” என்றாள். “நீ?” என்றேன். அவள் அரிசி டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டு எடுத்தாள், பாட்டில் முழுக்க அரிசி ஒட்டியிருந்தது. நான் டூல் பையைக் கவிழ்த்தேன். இரண்டு பாட்டிலும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மும்தாஜ் அக்கா வாயில் கை வைத்துக்கொண்டு, “யா அல்லா, ஒரு புள்ளைக்கு ரெண்டு திருடங்களா!” என்றார். சொல்லிவிட்டு அவர்தான் தெருவுக்கு ஓடி ஆட்டோவைக் கூப்பிட்டார். தெருமுனை கிளினிக்குக்கு ஆட்டோ. நடந்தால் ஐந்து நிமிஷம்.

வரிசையில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்களோ, நான் பார்க்கவில்லை. உள்ளே புகுந்து இரண்டு பாட்டிலையும் மேஜையில் வைத்தேன். இவளும் கொடுத்தாள், நானும் கொடுத்தேன், எழுந்திருக்க மாட்டேன் என்கிறான் என்று உளறினேன். டாக்டரம்மா உன்னை வாங்கி மேஜையில் கிடத்தி, கண்ணைத் திறந்து பார்த்து, நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “ஏன்றீ, குழந்தை வெயிட் எவ்வளவு?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. என் கைக்கு வந்து போகிற ஒவ்வொரு சாமானின் எடையும் கிராம் கணக்கில் எனக்கு மனப்பாடம். உன் எடை தெரியவில்லை. உன் ஜுரத்தை ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருந்தேன். உன்னை ஒரு தடவைகூட நிறுத்துப் பார்த்ததில்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையில் நானே ரிஜெக்ட் ஆகிவிட்டேன்.

உன்னைத் தராசில் போட்டார். பிறகு உன் அம்மாவைத் தனியாகக் கேட்டார், எவ்வளவு ஊற்றினாய் என்று. என்னைத் தனியாகக் கேட்டார். ஒரு சீட்டில் இரண்டையும் எழுதிக் கூட்டினார். கூட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சிரிக்க ஆரம்பித்தார். நானும் உன் அம்மாவும் எமன் வாசலில் நிற்கிற மாதிரி நிற்கிறோம், அவர் சிரிக்கிறார்.

“பாதி நீங்க, பாதி இவங்க. ரெண்டு பயந்தாங்கொள்ளிகளும் சேர்ந்து இன்னிக்குத்தான் இந்தக் குழந்தைக்கு ஒரு முழு டோஸ் குடுத்திருக்கீங்க. சரியான டோஸ். நான் எழுதினது இவ்வளவுதான்.”

“அப்ப ஏன் டாக்டர் இப்படிக் கெடக்கறான்?” என்றாள் உன் அம்மா.

“கிடக்கலை. தூங்கறான். வலி போயிடுச்சு, தூங்கறான். இவன் இப்படித் தூங்கி எஷ்டு திவசா ஆயித்து?”

எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டார். நீ வலி இல்லாமல் தூங்கினால் எப்படி இருப்பாய் என்பதே எங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறதடா. நல்ல தூக்கத்தைப் பார்த்துவிட்டுச் சாவோ என்று பயந்து ஆட்டோ பிடித்து வந்திருக்கிறோம். இதைவிட ஒரு அப்பனுக்கு என்ன கேவலம் வேண்டும்?

டாக்டரம்மா சிரிப்பை நிறுத்தினார். நிறுத்தியதும் கன்னடம் வந்தது. அதை முழுக்க எழுத எனக்குத் தைரியம் இல்லை. கடைசியில் தமிழில் சொன்னது இது: “ரெண்டு பேரும் பயந்தவங்க, அதனால இன்னிக்குத் தப்பிச்சீங்க. ரெண்டு பேருக்கும் தைரியம் இருந்திருந்தா? ரெண்டு பேரும் முழுசா குடுத்திருந்தா? தினமும் குடுத்திருந்தா? மருந்து குழந்தையைக் கெடுக்காது ஸ்வாமி. ஒளிச்சு வெச்ச மருந்துதான் கெடுக்கும்.” பிறகு, தெர்மாமீட்டரைப் பார்ப்பது தன் வேலை, பிள்ளையின் அழுகையைக் கேட்பது என் வேலை என்று சொல்லி, உன் எடைக்கு எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒரு தரம், ஒரு நாளைக்கு எத்தனை தடவைக்கு மேல் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். என் லென்ஸ் இல்லாமலே படிக்க முடிந்தது.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு டேக் கொண்டுவந்தேன். சாமான் பெட்டியில் கம்பி போட்டுக் கட்டுகிற மஞ்சள் அட்டை. நேரம், அளவு, கையெழுத்து, குறிப்பு என்று நாலு கட்டம் இருக்கும். கையெழுத்து இல்லாமல் ஒரு சாமானும் அடுத்த மெஷினுக்குப் போகாது. ஒரு பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, இன்னொன்றின் கழுத்தில் அந்த அட்டையைக் கட்டி, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, உன் கைக்கு மட்டும் எட்டாத மேல் பலகையில் வைத்தோம். கொடுத்தவர் எழுத வேண்டும். எழுதியிருப்பதைப் படிக்காமல் அடுத்தவர் மூடியைத் திறக்கக்கூடாது. குறிப்புக் கட்டத்தில் நான் ‘ஓகே’ என்று எழுதுவேன். எட்டாம் வகுப்போடு நின்ற உன் அம்மா அந்தச் சின்னக் கட்டத்தில் கதையே எழுதுவாள். ‘பாதி குடித்தான், பாதி என் கண்ணில் துப்பினான்.’ ‘குடித்துவிட்டு இவரைப் பார்த்துச் சிரித்தான், என்னைப் பார்க்கவில்லை.’ இரண்டு வயதுக்குள் உன் காது தானாகவே சரியாகிவிட்டது. டேக்கும் நிறைந்துவிட்டது.

இதுவரைக்கும் நடந்தது நிஜம். இனிமேல் நான் செய்ததுதான் அயோக்கியத்தனம். நீ வளர்ந்தாய், நன்றாக ஓடினாய், ஆடினாய். ஓசூரில் ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ, பையன் கல்லு மாதிரி இருக்கானே என்றார்கள். என் வாய் சும்மா இருக்குமா? “ஒரு சொட்டு மருந்தில்லாம வளத்தேன். நூறு டிகிரி தாண்டாம பாட்டிலத் தொட விட்டதில்ல” என்றேன். சுற்றி நாலு பேர் தலையாட்டினார்கள். உன் அம்மா எதிர் இலையில் உட்கார்ந்து ரசத்தைக் குடித்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த கல்யாணத்தில் இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். நீ பக்கத்து இலையில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாய். பெருமை பேசினால் யாருக்கு நஷ்டம் என்று நினைத்தேன். அந்தப் பெருமைதான் நேற்று உன் வீட்டில் ஒரு பாட்டிலை அரிசி டப்பாவுக்குள் தள்ளியிருக்கிறது.

நீ கெட்ட அப்பன் இல்லை. நீயும் ஏதோ கம்ப்யூட்டரில் கோடு கோடாகக் குட்டியின் ஜுரத்தை வரைந்து வைத்திருக்கிறாய் என்று நிவேதா சொன்னாள். கேட்கும்போது எனக்கு ஒரு பக்கம் பெருமையாகக்கூட இருந்தது, என் ரத்தம்தானே. ஆனால் எனக்கு உன்னைத் தெரியும். இன்றைக்கு முறைப்பாய், நாளைக்கு அவன் காதைப் பிடித்து அழும்போது உனக்குத் தாங்காது. நிவேதா முன்னால் தோற்கவும் மனசு வராது. ஆபீஸ் பையில் ஒரு பாட்டில் வாங்கி வருவாய். அவள் பாதி கொடுக்கிறவள் இல்லை, படித்த பெண், முழுசாக அளந்துதான் கொடுக்கிறாள். நீயும் படித்தவன், நீயும் முழுசாக அளந்து கொடுப்பாய். இதை நினைத்துத்தான் நாங்கள் நேற்று சிரிப்பை நிறுத்தினோம்.

ஆகவே இதோ உன் அப்பா ரூல், திருத்தியது. குட்டியைத் தராசில் நிறுத்து எடையை எழுதி வை. ஒரு வீட்டில் ஒரு பாட்டில், வெளிச்சத்தில், அவன் கைக்கு எட்டாத உயரத்தில். டாக்டர் சொன்ன அளவு, சொன்ன இடைவெளி, கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். சரியாகவில்லையென்றால் மறுபடி டாக்டரிடம் போ, என்னைக் கேட்காதே. குச்சியைப் பார்ப்பதற்கு முன்னால் பிள்ளையின் முகத்தைப் பார். நிவேதா சொல்வதைக் கேள். எட்டு மாதம் என் வீட்டில் சரியாக இருந்தது ஒரே ஒருத்திதான், உன் அம்மா. அவளையும் நான் பாதி பயமுறுத்தி வைத்திருந்தேன்.

உன் அம்மா முருங்கைக்கீரைக்கு அடியில் புது அட்டை ஒன்று கொண்டுவந்திருக்கிறாள், கோடு போட்டு, கம்பியோடு. அவள் இருக்கும்போதே பாட்டிலில் கட்டு. கூடவே பழைய டேக்கும் கவருக்குள் இருக்கிறது. மஞ்சள் எல்லாம் வெளுத்துப்போய், ரோஸ் கறையோடு. இத்தனை வருஷமும் அதை யார் கண்ணிலும் படாமல் என் டூல் பையில் வைத்திருந்தேன். அதில் முதல் வரி, நாங்கள் கிளினிக்குக்கு ஓடிய அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு, மறுநாள் உட்கார்ந்து உன் அம்மா எழுதியது. அளவு என்ற இடத்தில் ‘பாதி, பாதி’ என்று இருக்கும். கையெழுத்து என்ற இடத்தில் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கும். குறிப்பு என்ற இடத்தில் அவள் எழுதியிருப்பதை நீயே படித்துக்கொள். படிக்க முடியாமல் கறை பட்டிருந்தால், அது இதுதான்:

‘பையன் ராத்திரி முழுக்க நன்றாகத் தூங்கினான். இவர்தான் அழுதுகொண்டே இருந்தார்.’

உன் அப்பா